சந்தனம் பூசிய வாக்கி டாக்கி

என் நைனா வீட்டில் அதிகம் பேசமாட்டார். அம்மா பேசவே நேரம் போதாதபோது அவர் எங்கே பேசுவது? ஆனால் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் அவர் வாயைத் திறந்தால் கம்பெனி முழுக்கக் கேட்கும். அவர் கிரேன் ஓட்டுநர். மேலே கூண்டில் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் "தூக்கறேன், தள்ளிக்கோங்க" என்றால் மேனேஜரே தள்ளி நிற்பாராம். ஐந்தாம் வகுப்பில் நான் இதைச் சொல்லாத ஆளில்லை.

ஆயுதபூஜை அன்று மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அந்த வருஷம் திருநின்றவூரிலிருந்து பெரிய மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், சென்னையில் ஆபீஸ் வேலை. தங்கையைக் கிரேன்காரனுக்குக் கொடுத்த வருத்தம் அவருக்கு ஆறவேயில்லை. "இன்னிக்கு அவரு பேசறத நீயே கேளுண்ணா" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பூஜையில் ஸ்பானர், சுத்தியலோடு வாக்கி டாக்கிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். பொட்டு வைப்பது வந்திருந்த பெண்களின் வேலை. அம்மா நைனாவின் வாக்கி டாக்கி செட்டைத் தேடி எடுத்து, உச்சியிலிருந்த சேனல் மாற்றும் திருகு வரைக்கும் சந்தனத்தை அப்பித் தள்ளினாள். கஞ்சத்தனம் அவளுக்குத் தெரியாது.

பூசணிக்காய் உடைத்ததும் நைனா மேலே ஏறினார். பூஜைக்குப் பிறகு முதல் பாரத்தைத் தூக்கும் மரியாதை அவருடையது.

"கிரேன், ரெடியா?" என்றார் சூப்பர்வைசர் தன் செட்டில். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். தூரத்து கேட்டிலிருந்து வாட்ச்மேன் "உங்க குரல் கேக்குது சார்" என்றார். நைனாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

"பதில் வராம தூக்கக் கூடாது. அவரை இறக்கிட்டு வேற ஆளை ஏத்துங்க" என்றார் மேனேஜர். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. சூப்பர்வைசர் மனசில்லாமல், பேசும் பட்டனை அமுக்கியபடியே கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பக்கத்திலேயே நின்ற மாமா விடவில்லை. "இன்னாமா, உன் ஊட்டுக்காரரு பேசினா கம்பெனியே கேக்கும்னியே! ஊட்லயும் வாயத் தொறக்க மாட்டாரு, இங்கயும் அதே கதைதான். சும்மா ஒரு பொம்மையக் குடுத்து மேல குந்த வச்சிகிறாங்கோ போல."

அப்போது கிரேன் சைரன் இரண்டு முறை அலறியது.

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். "அண்ணே, நான் பேசறது கேக்குதா? கேட்டா ரெண்டு தபா அடிங்க." மறுபடி இரண்டு முறை. "நீங்களும் பேசிக்கினுதான் இருந்தீங்களா?" இரண்டு முறை. கூட்டம் சிரித்தது.

"செட்டு நல்லாத்தான் கீது. அனுப்பற டோன்தான் மாறிப்போச்சு" என்று சூப்பர்வைசர் மேனேஜரிடம் விளக்கினார். பேசும்போது குரலோடு, காதுக்குத் தெரியாத ஒரு டோனும் சேர்ந்து போகும். தண்ணீர்த் தொட்டி மேலிருந்த ரிப்பீட்டர் பெட்டி, தனக்குத் தெரிந்த டோன் வந்தால்தான் குரலை வாங்கி மற்ற செட்டுகளுக்கு அனுப்பும். கேட்பதற்கு இருப்பது தனி டோன். இரண்டாம் சேனலிலும் கேட்கும் டோன் ஒன்றாம் சேனலில் உள்ள அதேதான். அனுப்பும் டோன் மட்டும், வரப்போகும் புது ஷெட்டுக்காகப் போட்டது. அதை ரிப்பீட்டர் கண்டுகொள்ளாது. அம்மா சந்தனம் பூசிய வேகத்தில் திருகு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போயிருந்தது.

"அண்ணே, சந்தனத்தைத் தொடைச்சிட்டு ஒண்ணுல வைங்க!"

கொஞ்ச நேரத்தில் நைனாவின் குரல் கணீரென்று வந்தது. "சார், தூக்கறேன். அதுக்கு மின்னாடி எங்க மச்சான அந்தத் தூணாண்ட நிக்க வைங்க. வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்துகிறாரு, மேலேர்ந்து தூசி கொட்டும்."

மேனேஜர் தள்ளி நின்றார். நான் குதித்தேன். இரும்புக் கட்டு அலுங்காமல் மேலே போயிற்று. எவ்வளவு பெரிய ஆள் என் நைனா!

மாமா மட்டும் தூணோரமாகப் போய் நின்றவர், பொரி கொடுத்தபோதும் பேசவில்லை, ரயிலிலும் பேசவில்லை. சட்டையில் தூசி பட்டுவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சூப்பர்வைசரின் விரல் பட்டனில் இருந்த நேரத்தில் மாமா பேசியது அத்தனையும் மேலே போயிருக்கிறது. பெரியவளாகி, நானே ஒரு வாக்கி டாக்கியைக் கையில் பிடித்த நாளில்தான் அது எனக்கு உறைத்தது. அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் என் நைனா மாமாவின் சட்டைக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்.