மஸ்கட்டிலிருந்து தாரணியை அழைத்து வந்த கை

என் தங்கை சுமதியை வெள்ளை உடுப்பு போட்ட இரண்டு பேர் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். மஸ்கட்டில், நல்ல வெயில் நேரம். தலை முதல் கால் வரை வெள்ளை பிளாஸ்டிக். கண் இருக்கிற இடத்தில் கண்ணாடி. மூச்சு வாங்கிக்கொண்டே சுமதி திரும்பிப் பார்த்து, "வர்றேன்க்கா" என்றாள். அவளுடைய ஆறு வயது மகள் தாரணி என் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள். சுமதி திரும்பி வரவில்லை.

நம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற எல்லோரும் ஒரு முறையாவது எழுந்து நின்று தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மட்டும் பின்வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவேன். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வராது. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் எழுதித் தருகிறேன், யாராவது படித்துச் சொல்லுங்கள்.

கொரோனா வந்த வருடம், அது பெரிதாவதற்கு முன்னால், சுமதிக்கு ஆபரேஷன் என்று துணைக்குப் போனேன். அதுதான் என் முதல் விமானப் பயணம். அவள் உடம்பு தேறி, நான் பெங்களூர்ப் பக்கம் நம் ஆனேக்கலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் விமானங்கள் நின்றுவிட்டன. சரி, இன்னும் கொஞ்ச நாள் தங்கையோடு இருக்கலாமே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட பட்டேன். பிறகுதான் காய்ச்சல் வந்தது. அவள் கணவர் சேகருக்கும் வந்தது. எனக்கும் தாரணிக்கும் வரவில்லை.

சுமதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் அம்மனிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன். அங்கப்பிரதட்சணம் செய்கிறேன் என்றேன். நம் கோயிலிலிருந்து கொண்டு போன குங்குமப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். சுமதி போய்விட்டாள் என்று போன் வந்த பிறகு அந்தப் பொட்டலத்தைக் கைப்பையின் அடியில் போட்டு ஜிப்பை மூடினேன். அதற்குப் பிறகு நான் கும்பிடவில்லை. என் வாயில் அம்மன் பெயரே வரவில்லை.

காரியம் அங்கேயே முடிந்தது. யாரையும் பக்கத்தில் விடவில்லை. சேகர் கதவுக்கு அந்தப் பக்கம் தனி அறையில் இருந்தபடி மகளிடம், "அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரா ஊருக்குப் போயிட்டாங்க கண்ணு, நீ பெரிம்மாகூடப் போனா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். என்னிடம், "அக்கா, என்னால சொல்ல முடியல. இவளைக் கூட்டிட்டுப் போயிடுங்க, நான் பின்னாடி வர்றேன்" என்றார். சுவர் வழியாக அவர் அழுவது கேட்டது. நான் மறுத்துப் பேசவில்லை.

ஆடி மாதத்தில் பெங்களூருக்கு ஒரு சிறப்பு விமானம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டில் ஐடி கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். போனில் அவர்தான் எனக்குப் பாடம் நடத்தினார்.

"பேப்பரெல்லாம் ரெண்டு காப்பி எடுத்துக்கோ. ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு பிள்ளை பையில. உள்ள சாப்பாடு எப்படியோ தெரியாது, சப்பாத்தி சுருட்டி வெச்சுக்கோ. மாஸ்க் கூடவே நாலு வெச்சுக்கோ, சின்னப் பிள்ளை ஈரம் பண்ணிடும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை பேரை ஏர்போர்ட்ல இறக்கி விட்டிருக்கேன்! உள்ளதான் போனதில்ல, மத்தபடி எல்லாம் தெரியும். ஏ சரசு, ஒண்ணு சொல்றேன் கேளு. தண்ணி வேணும்னா வாயைத் திறந்து கேளு. யாராவது பாத்துக் குடுப்பாங்கன்னு அப்பிடியே உக்காந்திருக்காத."

அவர் சொன்னது எல்லாம் உபயோகப்பட்டது. ஆனால் அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. விமானத்தில் நடு சீட்டில் உட்காருகிறவர்கள் மேலே வெள்ளை அங்கி போட வேண்டும். ஜன்னல் சீட்டு தாரணிக்கு, நடு சீட்டு எனக்கு.

விமானம் ஏறுகிற வாசலில் அந்த அங்கியைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நான் பிரித்துப் போட்டுக்கொண்டேன். முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தகட்டை மாட்டிக்கொண்டு திரும்பினேன். தாரணி என்னைப் பார்த்தாள்.

அந்த அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பெரிம்மா எங்கே, பெரிம்மாவை என்ன செய்தீர்கள் என்று என்னிடமே கேட்டுக் கத்தினாள். நான் பக்கத்தில் போகப் போகப் பின்னால் நகர்ந்தாள். நாற்காலிக்கு அடியில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அங்கியைக் கழற்றினேன். கழற்றினால் ஏற்ற மாட்டோம் என்று சைகை காட்டினார்கள். வரிசை எங்களைத் தாண்டிப் போனது. பணியாளர் இந்தியில் ஏதோ சொன்னார். வரிசையில் நின்ற ஒருவர் தமிழில், "குழந்தையைச் சமாதானப்படுத்துங்கம்மா. இல்லன்னா உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுக் கதவைச் சாத்திடுவாங்களாம்" என்றார்.

அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியாகிவிட்டது, சேகர் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. தரையில் அப்படியே உட்கார்ந்தேன். அங்கி மடியில் கிடந்தது. இந்த முறை தீச்சட்டி என்று சொல்லவில்லை. எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. பேரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. "தாயே" என்று மட்டும் வந்தது. அதுவும் சத்தமாக வந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் பொது இடத்தில் அப்படிக் கத்தியதில்லை.

வரிசையின் முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். முழு வெள்ளை உடுப்பு, தலைமூடி, மாஸ்க், முகத் தகடு, கையுறை. ஒரு அங்குலம்கூட அவள் தெரியவில்லை. திரும்பி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

சுமதியின் உயரம். சுமதிக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதே சாய்வு.

தாரணி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அம்மா?" என்றாள். "அம்மா, நீயா?"

அந்த வெள்ளைத் தலை மேலும் கீழும் அசைந்தது.

தாரணி வெளியே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அந்தப் பெண் முழு உடுப்பில் இருந்ததால் அவளையே நடு சீட்டில் உட்கார வைத்து, அவளுடைய ஓர சீட்டை எனக்குக் கொடுத்தார்கள். அங்கியை மடித்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா, பேசும்மா" என்று தாரணி கேட்டபோது கையை மட்டும் அழுத்தினாள். முகத் தகட்டுக்குள் ஆவி படிந்து படிந்து மறைந்தது. எனக்குப் பயமாக இருந்தது. யார் இவள்? பொய் சொல்கிறாளே, இறங்கினதும் பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன்? இன்னொரு பயமும் இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தகட்டைத் தூக்கினால் உள்ளே சுமதி இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். இல்லாமல் போய்விடுவாளோ என்றும் பயந்தேன். அதனால் பார்க்கவே இல்லை.

பெங்களூரில் இறங்கினோம். காய்ச்சல் பார்த்து, தனிமையில் வைக்கிற இடத்துக்கு ஊர் ஊராகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். அவளுடையது துமகூரு பஸ். தாரணியின் தலையில் கையுறைக் கையை வைத்தாள். என்னைப் பார்த்து முதல் முறையாக வாய் திறந்தாள்.

"பர்த்தீனி அக்கா."

வருகிறேன் அக்கா என்று கன்னடத்தில். சுமதி படியிறங்கும்போது சொன்ன அதே சொல். பஸ்ஸில் ஏறின பிறகு எந்த வெள்ளை அவள் என்று தெரியவில்லை. ஜன்னலெல்லாம் வெள்ளையாக இருந்தது.

எங்களை அடைத்து வைத்த ஓட்டல் அறையில் தாரணி, "அம்மா எந்த பஸ்ல போனாங்க?" என்று கேட்டாள். அப்போது உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து குங்குமத்தை எடுத்து அவளுக்கும் எனக்கும் வைத்தேன்.

இந்த மாதிரி நோய்க் காலம் இனி வரவே வேண்டாம். வந்து, பிள்ளைகளோடு விமானம் ஏற வேண்டியிருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்த உடுப்பை வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். பொம்மைக்கு மாஸ்க் மாட்டி விளையாடட்டும். அங்கி போடுவதற்கு முன்னால் பாத்ரூம் போய்விடுங்கள், பிறகு படாதபாடு. பிள்ளையின் சட்டை உட்பக்கம் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். உங்கள் கையில் அவர்களுக்கு அடையாளம் தெரிகிற நிறத்தில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன நடந்தது என்பதையும், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள்.

எப்படித் தெரியும் என்றால், போன ஆடியில் தெரிந்தது. தாரணிக்கு இப்போது பதினொரு வயது. சேகர் பெங்களூரிலேயே வேலைக்கு வந்துவிட்டார், பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தோம். நான் வழக்கம் போல, "உங்க அம்மா ரூபத்துல அம்மனே வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தா" என்று சொன்னேன்.

தாரணி கூழைக் கிண்டிக்கொண்டே, "அது அம்மா இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் பெரிம்மா" என்றாள்.

"எப்படி?"

"கையைப் பிடிச்ச உடனே தெரிஞ்சுது. அம்மா கை சின்னது."

"அப்புறம் ஏன்டி வழியெல்லாம் அம்மா அம்மான்னே?"

"அந்த ஆண்ட்டி அழுதுக்கிட்டே இருந்தாங்க. கண்ணாடிக்குள்ள. நீங்க பாக்கல. நான் அம்மான்னு கூப்பிடறப்பல்லாம் கையைக் கெட்டியா பிடிச்சாங்க. விட்டா பாவம்னு நானும் விடல."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் யாரை விட்டுவிட்டு வந்தாளோ, யார் அவளை அம்மா என்று கூப்பிடாமல் போனார்களோ, எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அம்மன் எங்களுக்கு ஒரு கையை அனுப்பினாள் என்று மட்டும் நினைத்துக் கும்பிட்டேன். நான் "தாயே" என்று கத்தினபோது திரும்பிப் பார்த்தது அந்தப் பெண்ணும்தான். அன்றைக்கு இரண்டு பேருக்கும் கை கிடைத்திருக்கிறது.

வெள்ளை உடுப்பைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பயம்தான். அது போகவில்லை. ஆனால் பயத்தோடு பயமாக ஒரு தைரியமும் கூடவே வருகிறது. கேட்டது கிடைக்கவில்லை என்று நீங்களும் அம்மனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் திருப்பினவள்தான். ஒன்றும் தருகிறேன் என்று சொல்லாமல், வெறும் கையோடு ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். பதில் எந்த உடுப்பில் வரும் என்று சொல்ல முடியாது. முகம்கூடத் தெரியாமல் போகலாம். நீட்டின கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆடியிலும் எங்கள் வீட்டு வாசலில் கூழ் ஊற்றுவோம், எல்லோரும் வாருங்கள். ஒரு சொம்பு மட்டும் தட்டு போட்டு மூடித் தனியாக இருக்கும். அதை யாரும் எடுக்க வேண்டாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவளுக்காகத் தாரணி எடுத்து வைப்பது.