மூச்சுச் சூட்டில் விழித்த குளவிகள்

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பனி முழுதாக விலகவில்லை. நானும் மனைவியும் ஒசூரிலிருந்து அத்திப்பள்ளிக்கு, அவள் தங்கை வீட்டுக்கு, பைக்கில் கிளம்பினோம்.

எங்கள் ஊரில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. கர்நாடக எல்லை நெருங்கும்வரை ஹெல்மெட் வண்டியில்தான் தொங்கும். அந்தப் பக்கம் போலீஸ் பிடிக்கும் என்பதால் அதன் பிறகே தலைக்கு ஏறும். பால்கனி ஆணியில் வாரக்கணக்கில் சும்மா கிடந்த ஹெல்மெட்டை நானும் அப்படித்தான் எல்லையோர ஊரான ஜூஜூவாடி தாண்டியதும் உள்ளே பார்க்காமல் மாட்டிக்கொண்டேன்.

சிறிது தூரம் போனதும் மேலுதட்டில் சுரீரென்று ஒரு கொட்டு. அடுத்தது கன்னத்தில். தாடையை மறைக்கும் பகுதியின் உட்புறம் குளவிகள் கூடு கட்டியிருக்கின்றன என்று புரிந்தது. குளிரில் மரத்துக் கிடந்தவை என் மூச்சின் சூட்டில் விழித்துக்கொண்டன. தேனீயின் கொடுக்கைப்போல் இவற்றின் கொடுக்கு தோலில் சிக்கி அறுந்துபோகாது. திரும்பத் திரும்பக் கொட்டும். நாங்கள் இருந்ததோ நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில்.

"குளவி. ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு" என்றேன்.

"கையை எடுத்துடாதீங்க. பின்னாடி கண்டெய்னர் லாரி வருது." அவள் குரல் உயரவில்லை. "நான் சொல்றப்ப ஒதுங்குங்க."

கண்ணருகே மூன்றாவது கொட்டு. பார்வை கலங்கியது. கை முகத்துக்குப் போகத் துடித்தது, விடவில்லை. அவள் திரும்பி, இடது கையை நீட்டி லாரிக்குச் சைகை காட்டினாள். "இப்ப வாங்க. லெஃப்ட்ல. மெதுவா." ஓரத்து மண்ணில் வண்டி நின்ற பிறகுதான் கைப்பிடியை விட்டேன்.

ஹெல்மெட்டை மெல்லக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஒற்றைக் காம்பில் தொங்கும், சாம்பல் நிறக் காகிதம் போன்ற சிறு கூடு. அறுகோண அறைகளில் வெள்ளைப் புழுக்கள். அவற்றின் மேல் மூன்று குளவிகள்: செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை.

பக்கத்து டீக்கடைக்காரர் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில், "ஒந்து சைடுதான் சார் வீங்கியிருக்கு. போட்டோவுக்கு இன்னொரு சைடு இருக்கில்ல" என்றார். வலியோடு சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. ஐஸை வாங்கி என் கன்னத்தில் அழுத்திப் பிடித்தாள்.

கூட்டைத் தட்டிவிடக் குச்சி எடுத்தேன். "அதுங்க குடும்பத்தோட இருக்குங்க. விட்டுடுங்க" என்றாள். ஹெல்மெட்டை அங்கிருந்த புங்க மரக்கிளையில் மாட்டிவிட்டு வீடு திரும்பினோம்.

எடுத்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம், பறந்து தப்பச் சிறகு இருந்தும் அத்தனை குலுக்கலிலும் புழுக்களை விட்டுப் பறந்துபோகாத அந்த மூன்று குளவிகளை நினைத்துக்கொள்கிறேன்.