பச்சை ஸ்கார்ஃப்

அந்தப் பச்சை ஸ்கார்ஃபை மச்சாளின் கழுத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போதும் கொஞ்சம் எரிகிறது. பொய் சொல்லி என்ன காணப்போகிறேன்?

தொண்ணூறுகளின் தொடக்கம். மாமாவின் மகளான இந்த மச்சாளும் நானும் லண்டனில் வெம்பிளியிலிருந்து ஒரே ரயிலில் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அவளுக்கு வேறு பாடம், வேறு கட்டடம். கன்டீனில் நான் தனியாகத்தான் சாண்ட்விச் தின்பேன். ஜன்னலோர மேசையில் பச்சை ஸ்கார்ஃப் போட்ட பெண்கள் கூடியிருந்து சிரிப்பார்கள். அது ஒரு பெண்கள் கழகம். நாமாகப் போய்ச் சேர முடியாது. புதுப் பிள்ளைகளைத் தேநீருக்குக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் அங்கேயே கேட்பார்கள், ஓம் என்றால் ஸ்கார்ஃப் கழுத்தில் விழும். அந்த மேசைக்காக நான் ஏங்கிச் செத்தேன்.

அழைப்பு எனக்குத்தான் வந்தது. தனியே போகப் பயந்து, அவர்களிடம் கேட்டுக்கொண்டு மச்சாளையும் கூட்டிப்போனேன். கேக் இருக்குமோ என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

எல்லாம் நன்றாகவே போனது. கழகத் தலைவி, நெட்டையான ஒரு வெள்ளைக்காரப் பெண், நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தாள். கடைசியில் கோப்பையை வைத்துவிட்டு, எங்களோடு சேர விருப்பமா என்று கேட்டாள்.

எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டதும் ஓம் என்பது மானக்கேடு. முதலில் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால் இழுப்போம். இன்னும் வற்புறுத்தினால்தான், சரி, உங்களுக்காக என்று வாங்குவோம். அம்மா தொடையில் நுள்ளி நுள்ளிப் பழக்கியது. என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: இல்லை, பரவாயில்லை, உங்களுக்கு ஏன் கரைச்சல். சொல்லிவிட்டு, அடுத்த தரம் கேட்பாள் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. ஒன்றும் பிரச்சினையில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மச்சாள் பக்கம் திரும்பி அதையே கேட்டாள். வாய் நிறையக் கேக்கோடு இருந்த அந்த மூதேவி உடனே தலையாட்டினாள்.

ரயிலில் நான் முகம் கொடுக்கவில்லை. "வேண்டாமெண்டு நீதானே சொன்னனீ," என்றாள். உண்மைதான். அதுதான் இன்னும் எரித்தது. பிறகு அந்த மேசையிலிருந்து எனக்குக் கை வேறு காட்டுவாள். நான் சாண்ட்விச்சோடு மற்றப் பக்கம் திரும்பி இருப்பேன்.

ஒரு ஞாயிறு மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஸ்கார்ஃபும் கழுத்துமாக. நான் தட்டில் தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டினேன். தகப்பனுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக, வேண்டாம் என்றாள்.

சரி என்று தட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். அவள் பின்னாலேயே குசினிக்கு வந்தாள்.

"ஒருக்காத்தானேடி கேட்டனீ?"

"அவையும் என்னட்டை ஒருக்காத்தான் கேட்டவை."

அவளுடைய தேத்தண்ணியையும் நானே குடித்தேன். ஸ்கார்ஃபை அவள் கழற்றவில்லை.