குளிசைக்குக் கிடைத்த பேர்

கண்டக்குழியில் வலைகளுக்கு ஈயக்குண்டு வார்ப்பவர் என் தங்கையின் கணவர். பழைய பற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளைச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவார். போன ஒக்டோபரில் மழை பிடித்ததும் அடுப்பைக் குசினியை ஒட்டிய சாய்ப்புக்குள் மாற்றினார். நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான்.

ஜனவரியில் அவர்களுடைய ஐந்து வயது மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. சாப்பாடும் இறங்கவில்லை. இரத்தத்தில் ஈயம் என்று பரிசோதனை சொன்னது. முதலில் வீட்டில் உருக்குவதை நிறுத்துங்கள் என்றார் டொக்டர்.

மச்சான் நிறுத்தவில்லை. கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஸ்பிருலினாப் பாசிக் குளிசைப் போத்தல் ஒன்றை வாங்கி வந்தார். அதோடு கொத்தமல்லி இலைச் சாறு, பச்சை உள்ளிப்பூண்டு. குழந்தை துப்பத் துப்ப என் தங்கை ஊட்டினாள்.

"டொக்டர் செல்லினது வெளங்கல்லயா மச்சான்?" என்று கேட்டேன்.

"நீங்க நெறய வாசிக்கிற ஆள்தானே. உள்ளி ஈயத்த எடுக்கும் எண்டு வாசிக்கல்லயா?"

"வாசிச்சன். எலிக்குக் குடுத்துப் பாத்தீக்கி. உங்கட மகள் எலியா?"

"நாக்க அடக்குங்க. அடுப்ப அணச்சா நீங்களா சோறு போடுற?"

மார்ச் மாதப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தது. குளிசை காணாது, இரட்டிப்பாகக் கொடுப்போம் என்றார் மச்சான். அப்போதுதான் தங்கை முதன்முறையாக அவர் முன்னால் சத்தமிட்டு அழுதாள். குளிசையைத் தவறவிடக்கூடாது என்ற நிபந்தனையோடு தாயையும் மகளையும் மதுரங்குளியில் உள்ள என் வீட்டுக்கு அனுப்பினார்.

என் வீட்டில் ஈயப் புகை இல்லை. குளிசையையும் தங்கை தவறவிடவில்லை. மெல்ல மெல்லக் குழந்தை சாப்பிடத் தொடங்கினாள். முற்றத்தில் ஓடினாள். ஜூனில் அளவு நன்றாக இறங்கியிருந்தது.

செய்தி கேட்ட மறுநாளே மச்சான் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மச்சான்? குளிச வேல செஞ்சிட்டு! எங்கட பக்கம் ஈயம் உருக்குற ரெண்டு வீட்டுக்காரரும் வாங்கிட்டாங்க. இனிப் பயமில்ல, புள்ளய ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறன்."

"புகையில்லாத இடத்தில இருந்ததாலதான் எறங்கின."

"அதுவும் ஒரு காரணமா ஈக்கும்," என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

அண்ணனை நானா என்று கூப்பிடும் தங்கையைப் பார்த்தேன். "நானா, அவர் சும்மா ஒண்டும் செல்லமாட்டார்," என்றாள். அவள் உண்மையிலேயே நம்பியிருந்தாள். அதற்கு மேல் எதைச் சொல்லி மறிப்பது?

மகளை முன்னால் இருத்தி, தாயைப் பின்னால் ஏற்றி, மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். குழந்தை எனக்குக் கை காட்டிக்கொண்டே போனாள். கண்டக்குழியில் அந்தச் சாய்ப்பில் அடுப்பு இன்னும் எரிகிறது.