சுடுதண்ணீர்த் தொட்டிக்குத் தட்டி கட்டியது

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதற்குப் பிறகு நான் பார்க்காத வேலை குறைவு: லாரி கிளீனர், பரோட்டாக் கடை, அரிசி ஆலை. அப்படி அலைந்ததில் ஒரு வருஷம், அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் வழியில் ஒரு அண்ணாச்சி வீட்டில் தோட்ட வேலைக்கு நின்றேன். துபாயில் பல வருஷம் கிரேன் ஓட்டி இடுப்பைத் தொலைத்துவிட்டு வந்தவர். அங்கே முதலாளி வீட்டில் பார்த்ததைப் போலவே ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் வைத்திருந்தார். ஆறு பேர் உட்காரலாம். சாயங்காலம் அவர் மட்டும் உட்காருவார்.

பங்குனியில் எங்கள் பக்கம் குழாயைத் திறந்தாலே கை வெந்துவிடும். ஆனியில் கதை வேறு. மலையிலிருந்து சாரலும் காற்றும் இறங்கும். தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும், ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால் மிஷின் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, அண்ணாச்சி அதை அணைப்பதே இல்லை.

மின்கணக்கு எழுதுகிறவர் வந்து அட்டையில் குறித்துவிட்டுப் போனார். அதைப் படித்த மதினி, அண்ணாச்சியின் மனைவி, நேராகத் தொட்டிக்கு வந்தார்.

“ஏங்க, ஒரு ஆளு வேகதுக்கு ரைஸ்மில்லு கரண்டா?”

“ஏட்டி, இடுப்புக்கு ஒத்தடம்லா இது.”

“அடுத்த தடவ பாதியா வரணும். வரலைன்னா இந்தத் தொட்டிய மாட்டுக்குத் தண்ணி காட்ட வச்சுருவேன்.”

அவர் போனதும் அண்ணாச்சி கழுத்துவரை தண்ணீரில் இருந்தபடி என்னைப் பார்த்தார். “ஏலே, நீ ஊரெல்லாம் சுத்துனவம்லா. ஏதாவது செய்யிலே. இது போச்சுன்னா நான் குனிஞ்சு செருப்புப் போட முடியாது.”

எனக்குத் தெரிந்தது அரிசி ஆலை. அவித்த நெல்லைக் குவித்துச் சாக்கைப் போட்டு மூடினால் விடியும்வரை சூடு இறங்காது. படுக்க வேறு இடம் இல்லாததால் இரண்டு மழைக்காலம் அந்தச் சாக்கின் மேல்தான் படுத்தேன். அதனால் தொட்டியையும் பழைய நெல் சாக்கால் மூடினேன். நெல்லின் மேல் சாக்கு கிடக்கும், தண்ணீரில் முங்கும் என்பது முங்கிய பிறகுதான் உறைத்தது. பில்டரிலிருந்து உமி எடுக்க ஒரு நாள் ஆயிற்று.

முங்காத பொருள் தெர்மாகோல். மீன் மார்க்கெட்டில் பழைய பெட்டிகளை வாங்கி உடைத்து மிதக்கவிட்டேன். சூடு நன்றாக நின்றது, மீன் வாடையும் நின்றது. அண்ணாச்சி குளித்து எழுந்தபோது தொட்டியைச் சுற்றி மூன்று பூனைகள் உட்கார்ந்திருந்தன.

“சாளக் கொழம்புக்குப் புளி கரைக்கட்டுமா?” என்று அடுக்களையிலிருந்து மதினி கேட்டார்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கல்யாண மண்டபத்தில் மேடை பிரித்த தெர்மாகோலைக் கேட்டு வாங்கினேன். ‘நல்வரவு’ என்ற எழுத்தோடே மிதந்தது. மேலே தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டினேன். தண்ணீரைப் புதிதாக மாற்றும் நாளில், மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த தண்ணீரை மத்தியானமே இறக்கினேன். ஹீட்டரை மூன்று மணிக்கு மேல்தான் போட்டேன். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் காற்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டே இருந்தது. கடைசியாக, தென்னை ஓலையில் ஆள் உயரத்துக்குச் சுற்றித் தட்டி கட்டினேன்.

மறுமுறை கணக்கு பாதிக்கும் கீழே வந்தது. மதினி அட்டையை இரண்டு தரம் படித்தார். பிறகு தட்டிக்குள் நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

“வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாதுல்லா தம்பி?”

“தெரியாது மதினி.”

காற்றை மறைக்கக் கட்டிய தட்டி ஆளையும் மறைக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வெட்டவெளியாக இருந்தவரை பெண்கள் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. மறுநாள் மதினி இறங்கினார். அதற்கு மறுநாள் அவருடைய அக்கா, முழங்கால் வலியோடு கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். வாரம் முடிவதற்குள் அந்தக் குடும்பத்தில் முழங்கால் வலி இல்லாத பெண்ணே இல்லை என்று ஆகிவிட்டது.

ஒரு சாயங்காலம் அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தட்டிக்குள் சிரிப்புச் சத்தம்.

“உள்ள யாருலே?”

“மதினியோட சித்தி. கூட ரெண்டு பேரு.”

“எப்ப வெளிய வருவாவ?”

“இப்பந்தான் எறங்குனாவ அண்ணாச்சி.”

துண்டோடு தட்டியை விட்டுத் தள்ளி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அங்கன மூணு கல்லக் கூட்டி ஒரு பானை வெந்நி போடுலே,” என்றார்.

தென்னை மட்டையை ஒடித்து அடுப்புப் பற்றவைத்தேன். அதற்குக் கரண்டு செலவே இல்லை.