பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பு

அந்தமானில் எங்கள் ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளில் வாசிக்க வரும் பிள்ளைகள் என்ன பாட்டு வாசிக்கலாம் என்று என்னிடம் கேட்பார்கள். பாட்டு அப்புறம். முதலில் பியானோவுக்குள் பல்பு எரிகிறதா என்று பாருங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

1. மெயின் சுவிட்ச்

போர்ட் பிளேரில் பள்ளி மியூசிக் டீச்சராக ரிட்டயர் ஆகி, ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் மாலை நேரம் பியானோ வாசிக்கச் சேர்ந்தேன். பழைய பியானோ. எங்கள் தீவு ஈரத்தில் மரம் உப்பிவிடும், அழுத்திய கட்டை மேலே எழும்பாது. அதனால் உள்ளே சூடு இருக்க, கீழ்ப்பலகைக்குப் பின்னால் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரிய வேண்டும். இங்கே துணி அலமாரிக்கே பல்பு போடுகிறவர்கள் உண்டு.

அந்த சீசனில் ‘இசையும் நட்சத்திரமும்’ என்று ஒரு வாரம் அறிவித்தார்கள். தினமும் ஹாலில் என் வாசிப்பு, பிறகு கடற்கரையில் டெலஸ்கோப். சனிக்கிழமை என் தனிக்கச்சேரி. மேனேஜர் புதியவர், கோயம்புத்தூர்க்காரர். திங்களன்று நான் வாசித்து முடித்ததும், கரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஹாலின் மெயினை அணைக்கப் போனார்.

“சார், மெயின் பந்த் பண்ணினா பியானோ பல்பும் போயிடும். சீலன், அதான் ஈரம், உள்ள ஏறி கட்டையெல்லாம் உப்பிடும்.”

“பியானோவுக்கு எதுக்குங்க மேடம் நைட் லேம்ப்பு? கொஞ்ச நேரந்தானுங்களே.”

கொஞ்ச நேரமென்றால் நானும் விட்டிருப்பேன். நட்சத்திரம் பார்த்த கையோடு எல்லோரும் சாப்பிடப் போனார்கள், சுவிட்சை யாரும் நினைக்கவில்லை. காலையில் வந்து தொட்டால் பல்பு சில்லிட்டுக் கிடந்தது. மறுபடியும் சொன்னேன். செவ்வாயும் அதே கதை.

2. “கையை மட்டும் அசைங்க”

புதன்கிழமை வாசிப்பின் நடுவில் ஒரு கட்டை உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு இன்னொன்று. நகத்தால் நெம்பி நெம்பி எப்படியோ முடித்தேன். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். சனிக்கிழமை ரெக்கார்டு செய்த பியானோ இசை ஸ்பீக்கரில் ஓடுமாம், நான் முன்னால் உட்கார்ந்தால் போதுமாம்.

“யாருக்குங்க தெரியப் போவுது? லைட்டு டிம்மாத்தான் இருக்கும். நீங்க கையை மட்டும் அசைங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்குத் தெரியும்ல சார். நடிக்கறதுக்கு வேற ஆளப் பாருங்க.”

வேறு ஆளுக்குப் பஞ்சமில்லை, வேலை வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர், குரலை உயர்த்தாமல். வேலை எனக்கு வேண்டும்தான். பள்ளியில் காலமெல்லாம் பிரார்த்தனைப் பாட்டுக்கும் ஆண்டு விழாவுக்கும் வாசித்தவள். வாசிப்பைக் கேட்கவென்றே மனிதர்கள் வந்து உட்கார்ந்தது இங்கேதான். அந்த நாற்காலியை விட எனக்கு மனமில்லை.

3. தனி வயர்

எலக்ட்ரீஷியன் தபன் பெங்காலிப் பையன், நல்ல கைக்காரன். கிச்சன் லைனிலிருந்து பல்புக்கு மட்டும் தனி வயர் இழுக்கச் சொன்னேன். பயந்தான். கேட்டால் என் பேரைச் சொல் என்றேன். கடல் பக்க ஜன்னல்களுக்குக் கறுப்புத் தார்ப்பாய் கட்டினோம். கரையில் நின்று நானே பார்த்தேன், ஹால் இருட்டாகவே இருந்தது. டெலஸ்கோப் காட்டுகிறவரும் வெளிச்சம் தெரியவில்லை என்றார்.

மறுநாள் மேனேஜர் வயரைப் பார்த்துவிட்டார். யாரைக் கேட்டு இழுத்தீர்கள் என்றார்.

“உங்களுக்கு நட்சத்திரம் வேணும், எனக்குப் பியானோ வேணும். இப்ப ரெண்டும் இருக்கு. வயர்ல கை வைக்காதீங்க சார்.”

வைக்கவில்லை. வெள்ளி மாலைக்குள் ஒரு கட்டை சரியானது. நடுவில் இருந்த இன்னொன்று மட்டும் அழிச்சாட்டியம் பண்ணியது.

4. சனிக்கிழமை

ஹாலில் பியானோ பக்கத்திலேயே ஸ்பீக்கரை வைத்திருந்தார்கள். கெஸ்டுகள் வந்து உட்கார்ந்ததும், அவர்கள் பார்க்கவே பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டேன். மேனேஜர் கதவருகே நின்றார். அத்தனை பேர் முன்னால் வந்து மறுபடி சொருக அவரால் முடியவில்லை. ஒரு கட்டை ஈரத்தில் ஊமையாகிவிட்டது, அது வரும் இடத்தில் சத்தம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

முடிந்த இடங்களில் அந்த ஸ்வரத்தை இடது கையால் கீழ் ஸ்தாயியில் பிடித்தேன். மற்ற இடங்களில் ஓட்டைதான். முதல் ஓட்டைக்குச் சிலர் சிரித்தார்கள். ஒரு ஜோடி எழுந்து போனது. மற்றவர்கள் கடைசிவரை இருந்தார்கள். வாசித்து முடித்தபோது ஜாக்கெட்டெல்லாம் வியர்வை, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

கடற்கரைக்கு இறங்கும்போது மேனேஜர் பக்கத்தில் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி சார் என்றேன். சொல்லிவிட்டு டெலஸ்கோப் வரிசையில் போய் முதல் ஆளாக நின்றேன்.

இப்போது வேறு ரிசார்ட்டில் வாசிக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். தப்பாக வாசித்ததற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வாசிக்காததற்குக் கைதட்டல் வாங்கச் சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். உட்கார்ந்து வாசியுங்கள். அனுப்புவதானால் அவர்களே அனுப்பட்டும்.