ஜவ்பர் சேரின் இரண்டு கட்டு விடைத்தாள்கள்

வெள்ளிக்கிழமை காலை, உக்குவளையில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கல்லூரி விரிவுரையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஜவ்பர் சேர் அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு காலமானார், ஜனாஸா அடக்கம் மதிய ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்று ஓர் இளைய விரிவுரையாளர் எழுதியிருந்தார். நான் குழுவை மூடிவிட்டு, ஜவ்பர் சேர் முந்தைய நாள் எனக்குத் தனியாக அனுப்பியிருந்ததைத் திறந்து பார்த்தேன். “மிஸ், திங்கக்கிழம பேப்பர் கட்டு ரெண்டும் கைக்கு வரும். கொஞ்சம் சண்டை பிடிக்க இருக்கு.” அதன் கீழே என்னுடைய “சரி சேர்” இருந்தது. பஸ் புறப்பட்டது. நான் வழமை போல மாத்தளையில் இறங்கி, முதல் பாடத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

எங்கள் கணக்கியல் பிரிவில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தமிழ் மொழி மூல வகுப்புக்குக் கணக்கியல் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வருகை விரிவுரையாளராக வந்துகொண்டிருந்தார். அஞ்சலி எழுதுகிறேன் என்பதற்காக அவர் மாணவர்களின் உள்ளம் கவர்ந்தவர் என்று எழுத மாட்டேன். பாடம் முடிந்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டே நிற்பார். நாவுல ஊருக்குப் போகிற பஸ் போய்விடும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன சீனியை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் பால் விடாத பிளேன்டீயில் போட்டுக் கலக்குவார். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

நான் இங்கு நியமனம் பெற்று வந்த வருடம் அவருடைய வினாத்தாளுக்கு இரண்டாம் திருத்துநராக என்னைப் போட்டார்கள். முதல் திருத்துநர் புள்ளி போட்டுத் தருவார், நான் சரிபார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு விடைத்தாளிலும் புள்ளி இல்லை. இரண்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். ஒன்றில் ‘விடலாம்’ என்றும் மற்றதில் ‘கூட இருக்கணும்’ என்றும் எழுதியிருந்தது.

“என்ன சேர் இது?”

“கடைய இந்தப் பிள்ளைங்கட கையில விட்டுட்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வரலாம். அந்தப் பிள்ளைங்ககிட்ட விட்டா நாமளும் கூட இருக்கணும். முதல்ல அதைப் பார்ப்போம். புள்ளி பிறகு.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. புள்ளித் திட்டம் என்று ஒன்று அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது கல்யாண வீட்டுக் கதை எதற்கு என்று கேட்டேன். அவர் அதற்குப் பிறகு திட்டப்படி, அரைப் புள்ளி கூடப் பிசகாமல் திருத்தினார். திருத்தி முடித்துப் புள்ளிகளையும் கட்டுகளையும் ஒப்பிட்டார். ‘விடலாம்’ கட்டில் இருந்த பிள்ளைக்குக் குறைவாக வந்திருந்தால் புள்ளியை மாற்றவில்லை. அந்தக் கேள்வியின் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “பிள்ளை பிழை விட்டா அதுக்குப் புள்ளி குறைக்கிறோம். கேள்வி பிழை விட்டா யாருக்குக் குறைக்கிறது மிஸ்?” என்று கேட்டார். கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கேலி பேசத் தெரியாத மனிதர் என்பது பிறகுதான் விளங்கியது.

பாடநெறிகளை மதிப்பாய்வு செய்ய வெளியிலிருந்து குழு ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தல் வந்த வருடம்தான் நாங்கள் உண்மையாகவே மோதிக்கொண்டோம். பாடநெறியை முடிக்கிற மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதற்குக் கற்றல் பேறு என்று பெயர். ஒவ்வொரு பேறும் எட்டப்பட்டதா என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய பாடத்துக்கான பேறு இது: ‘ஒரு வியாபாரத்தின் கணக்குகளைத் தயாரித்து, அதன் நிலைமையை விளக்குவார்.’ எல்லாப் பாடங்களிலும் நாங்கள் செய்தது ஒரே வேலைதான். சராசரிப் புள்ளியைப் பார்த்தோம், போதுமானதாக இருந்தது, ‘எட்டப்பட்டது’ என்று எழுதினோம். அறிக்கை மோசமாகப் போனால் தமிழ் மூல வகுப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு முன்பே இருந்தது. ஆள் குறைந்த வகுப்பு அது. நிறுத்துவதற்கு ஒரு சாட்டுத்தான் தேவைப்பட்டது.

அந்த வருடம் ஜவ்பர் சேர் வினாத்தாளில் ஒரு மிளகு வியாபாரியைக் கொண்டுவந்தார். கொழும்புக்குப் போன மிளகில் ஒரு பகுதி ஈரம் என்று திரும்பி வந்துவிட்டது. அதைக் கணக்கில் எழுதியவர் ஒரு பதிவை மாற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டார். அதனால் கணக்குகளைச் சரிபார்க்கிற பட்டியலான பரீட்சை மீதியின் இரண்டு பக்கமும் சமப்படாது. வித்தியாசத்தைப் பார்த்தால் திரும்பி வந்த மிளகின் பெறுமதியைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நிதானமாகப் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் வித்தியாசத்தை அப்படியே தூக்கித் தொங்கல் கணக்கில் போட்டு, இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தி, அடியில் இரட்டைக் கோடு கிழித்திருந்தார்கள். பிழை எதுவென்று தெரியும்வரை வித்தியாசத்தை வைத்திருக்கிற இடம்தான் தொங்கல் கணக்கு. ரியூஷன் வகுப்புகளில் அது கரை சேர்கிற வழியாகிவிட்டது.

நாவுலயிலிருந்து வந்த ரேணுகா மட்டும் கணக்கை முடிக்கவில்லை. கீழே இப்படி எழுதியிருந்தாள்: ‘சமப்படவில்லை. திரும்பி வந்த மிளகை எழுதியதில் பிழை இருக்கலாம். முதலாளியிடம் கேட்காமல் முடிக்க மாட்டேன்.’ திட்டப்படி அவளுக்குக் கிடைத்த புள்ளி சொற்பம். ‘விடலாம்’ கட்டில் அவளுடைய தாள்தான் மேலே இருந்தது.

“தொங்கல் கணக்குல போடச் சொல்லி நாமதானே சேர் படிச்சுக் குடுத்தோம்?” என்று கேட்டேன்.

“போடலாம் மிஸ். போட்டுட்டுத் தேடணும். இவங்க போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.”

அறிக்கையில் அவர் எழுதியது இதுதான். பேற்றின் முதற்பாதி எட்டப்பட்டது. இரண்டாம் பாதி எட்டப்படவில்லை. அதை அளக்கக்கூடிய கேள்வியை இந்த வருடத்துக்கு முன் நாங்கள் கேட்டதும் இல்லை.

பிரிவுத் தலைவர் மெடம் கெட்டவர் அல்லர். எங்களைக் கூப்பிட்டு, சராசரி நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இல்லாத வம்பு என்று சிங்களத்தில் கேட்டார். நான் மெடத்தின் பக்கம் பேசினேன். “இந்த வகுப்ப மூடினா தோட்டத்துப் பிள்ளைங்க எங்க சேர் போவாங்க? கண்டிக்குப் போய் காசு குடுத்து போடிங்ல நின்னு படிக்க அவங்களால முடியுமா?” நான் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. ஜவ்பர் சேர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“நீங்க சொல்றது சரி. ஆனா ‘எட்டப்பட்டது’ன்னு எழுதினா நாமளும் தொங்கல் கணக்குல போட்டுட்டு வீட்டுக்குப் போறோம். அதுக்குப் பிறகு பிள்ளைங்கள எப்படிப் பிழை சொல்றது?”

இரண்டாம் திருத்துநரின் கையெழுத்து இல்லாமல் அறிக்கை போகாது. கையெழுத்து வைத்தேன். மனம் ஒப்பி அல்ல. தாள்களை நானும் வாசித்திருந்தேன், அதனால்.

குழு வந்தது. அதில் மூத்தவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, இப்படி எழுதியதற்கு நன்றி என்று சொன்னார். பிறகு தமிழ் மூல வகுப்புக்கு ஒரு வருடம் ஆள் சேர்ப்பதை நிறுத்தி வைக்குமாறு பரிந்துரைத்தார்கள். நன்றியும் வந்தது, தண்டனையும் வந்தது. ஒரு தவணை முழுவதும் நான் ஜவ்பர் சேரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் பிளேன்டீயோடு வந்து எதிரில் உட்காருவார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடிப்போம்.

அந்த வருடம் சேர இருந்தவர்களில் ரேணுகாவின் தங்கையும் ஒருத்தி. அடுத்த வருடம் வகுப்புத் திரும்பத் தொடங்கியபோது ஜவ்பர் சேர் பஸ் ஏறி நாவுலக்குப் போய், அந்தப் பிள்ளையைப் பார்த்து, வந்து சேரச் சொல்லியிருக்கிறார். அவள் அதற்குள் ஒரு காமெண்ட் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திரும்பி வந்த அன்று, ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்.

“அந்தப் பிள்ளை ஒண்டு கேட்டுச்சு மிஸ். ‘அக்கா எழுதினது சரின்னு சொல்றீங்க. அப்ப ஏன் சேர் என்ட வகுப்ப நிப்பாட்டினாங்க?’ன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“பதில் தெரியாதுன்னு சொன்னேன்.”

அன்றிலிருந்து எங்கள் பேச்சு பழையபடி தொடங்கியது.

திரும்பத் தொடங்கிய வகுப்பில் அவர் கொண்டுவந்த முறையைப் பிறகு படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. இறுதி வருட மாணவர் ஒவ்வொருவரும் மாத்தளை நகரத்தில் ஒரு கடைக்காரருக்கு அவருடைய கடைக் கணக்கின் நிலைமையை விளக்க வேண்டும். முதலாளிமாரிடம் அவர் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைப்பார்: “பிள்ளை பாவம்னு தலையாட்ட வாணாம். விளங்கினத நீங்க திரும்பச் சொல்லுங்க.” முதலாளி திரும்பச் சொல்வதற்குத்தான் பிள்ளைக்குப் புள்ளி. ஒரு புடவைக் கடை முதலாளி கேட்டு முடித்துவிட்டு, “இந்தப் பிள்ளை லாபம்னு சொல்லுது, ஆனா கையில இல்லைன்னும் சொல்லுது, என்னைப் பைத்தியக்காரனாக்குது” என்றார். ஜவ்பர் சேர் முழுப் புள்ளி போட்டார். அந்தக் கடையின் நிலைமை அதுதான்.

இந்த வருடம் மதிப்பாய்வுக் குழு மறுபடியும் வருகிறது.

ஜனாஸா வீட்டில் பெண்கள் இருந்த அறைக்கு என்னை அழைத்துப் போனார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது, “மிஸ், ஒங்கட பேப்பர் மேசையில இருக்கு. யாரும் தொட வாணாம்னு சொல்லிட்டுத்தான் தொழப் போனாங்க” என்பது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. சனிக்கிழமை அவருடைய மகன் இரண்டு கட்டையும் கொண்டுவந்து தந்தார். துண்டுச் சீட்டுகள் இருந்தன. புள்ளி போட்டிருக்கவில்லை.

வினாத்தாளில் எங்கள் மாத்தளைப் பக்கத்து நாலந்தாவில் பெரிய வீதியோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒருவர் இன்னொரு கடை திறக்கலாமா என்று கேட்கிறார். திறக்க வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னவர்கள் ‘விடலாம்’ கட்டில் இருந்தார்கள். வாசித்துக்கொண்டு போனேன். எல்லாத் தாளிலும் அவரோடு ஒத்துப்போனேன், ஒன்றைத் தவிர. ‘கூட இருக்கணும்’ கட்டில் ஒரு மாணவன், திறக்கலாம் என்று எழுதியிருந்தான். அவன் சொன்ன காரணங்களில் ஓட்டை எதையும் என்னால் காண முடியவில்லை. சண்டை பிடிக்க இருந்தது இதைப் பற்றித்தானா, வேறு எதையாவது பற்றியா என்று தெரியாது. கேள்வியைத் திரும்ப வாசித்தேன். புதுக் கடையின் வாடகை கொடுக்கப்பட்டிருந்தது. அது மாதத்துக்கா, வருடத்துக்கா என்று சொல்லப்படவில்லை. மற்றவர்கள் மாதம் என்று எடுத்திருந்தார்கள். இவன் வருடம் என்று எடுத்திருந்தான். இரண்டும் சரி.

திங்கட்கிழமை மெடம் அழைத்தார். சேருடைய கடைசி வகுப்பு, அவருடைய பெயருக்காகவாவது ‘எட்டப்பட்டது’ என்று எழுதி அனுப்பலாமே என்றார். அன்பாகத்தான் சொன்னார். போன முறை நடந்தது அவருக்கும் நினைவிருக்கிறது. வகுப்பை மறுபடி நிறுத்தினால், அடுத்த வருடம் வர இருக்கிற பிள்ளைகளில் யாராவது என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

ஜவ்பர் சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த இரண்டு கட்டுப் பழக்கம். இனி என்னுடைய பாடங்களிலும் அப்படித்தான் பிரிப்பேன். அந்தப் பையனுடைய தாளை ‘விடலாம்’ கட்டுக்கு மாற்றினேன். வினாத்தாளில் கேள்வி இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். அறிக்கையில், பேற்றின் இரண்டாம் பாதியை எழுத்துப் பரீட்சை சரியாக அளக்கவில்லை, கேள்வியில் பிழை இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கேள்வியைத் தயாரித்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.